பெண்ணுறுப்பில் தீராத எரிச்சல்: சிகிச்சையில் நேரும் தவறுகள்

பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் எரிச்சல், குத்தல், உட்கார்ந்தால் வலி, உறவின்போது தாங்கமுடியாத வலி. இது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, கிருமித்தொற்று, தோல்நோய் என்று வேறு காரணம் எதுவும் பரிசோதனையில் தெரியவில்லை என்றால், அதை வல்வோடைனியா என்கிறார்கள். நரம்புகள் மிகை உணர்ச்சி கொள்வதும் சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் இறுகிப்போவதும் பல பெண்களிடம் சேர்ந்தே காணப்படுகின்றன. பார்வைக்கு ஒன்றும் தெரியாததால் ‘உடம்புச் சூடு’, ‘எல்லாம் மனசுதான்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது அநியாயம். வலி உண்மையானது, அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது.

நான் அதிகம் கவலைப்படுவது, எரிச்சல் என்றாலே பூஞ்சைத் தொற்று என்று முடிவுகட்டி, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசிக்கொள்வதைப் பற்றித்தான். ஒரு களிம்பு கேட்கவில்லை என்றால் இன்னொன்று, பிறகு மாத்திரை என்று மாதங்கள் ஓடிவிடும். தயிர்த் திப்பி போன்ற வெள்ளைப்படுதலும் அரிப்பும் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அப்போதும் கசிவைப் பரிசோதித்து, சர்க்கரை அளவையும் பார்த்துவிட்டு மருந்து போடுவதே சரி. ஸ்டீராய்டு, பூஞ்சைமருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த களிம்புகள் இன்னும் ஆபத்தானவை. கண்டபடி பூசினால் தோல் மெலிந்து எரிச்சல் கூடும்.

ஸ்டீராய்டே கூடாது என்பதல்ல. வெள்ளைத் திட்டுகளும் கடும் அரிப்பும் தரும் லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல்நோய்க்கு வீரியமான ஸ்டீராய்டு களிம்புதான் முதல் மருந்து. அதைக் கவனிக்காமல் விட்டால் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். ஆகவே நேரில் பார்த்துப் பரிசோதிக்காமல் எழுதித்தரும் களிம்பை நம்பாதீர்கள். பஞ்சு சுற்றிய குச்சியால் இடம் இடமாக மெல்லத் தொட்டு, எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் கேட்க வேண்டும்.

டெட்டால், வாசனை சோப்பு, ‘இன்டிமேட் வாஷ்’ எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீர் போதும்.

நரம்புவலிக்கு அமிட்ரிப்டிலின் எழுதித்தந்தால், இணையத்தில் ‘மனச்சோர்வு மாத்திரை’ என்று படித்துவிட்டுப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். வழக்கமாக இரவில் 10 மி.கி. அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். இந்தச் சிறிய அளவு நரம்பின் வலியைத் தணிக்கத்தான். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். ஆனால் வாய் உலர்தல், தூக்கக் கலக்கம், மலச்சிக்கல் எல்லாம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அங்கேதான் மனம் தளர்கிறது. தாங்கமுடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றுங்கள், திடீரென்று நிறுத்தாதீர்கள்.

இடுப்புத்தளத் தசைகளை இறுக்கிப் பழகும் கீகல் பயிற்சி எல்லாருக்கும் நல்லது என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை மேலும் இறுக்கினால் வலி கூடத்தான் செய்யும். இவர்களுக்குத் தேவை தளர்த்தும் பயிற்சி. வயிறு விரிய மூச்சிழுத்து அடிவயிற்றையும் இடுப்பையும் தளரவிடுவதில் அது தொடங்கும். இடுப்புத்தளப் பிசியோதெரபி தெரிந்தவரிடம் கற்றுக்கொள்வது நல்லது.

பல்லைக் கடித்துக்கொண்டு உறவுக்கு இணங்குவதும் இதே கேட்டைத்தான் செய்கிறது. ஒவ்வொரு முறையும் உடம்பு வலியை எதிர்பார்த்து முன்கூட்டியே இறுகப் பழகிவிடும். ‘வலிக்கிறது, இப்போது வேண்டாம்’ என்று கணவரிடம் சொல்ல எந்தப் பெண்ணும் கூச வேண்டியதில்லை. முடிந்தால் அவரையும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் களிம்பை மருத்துவர் சொன்னபடி முன்கூட்டியே பூசித் துடைத்துவிட்டால் சிலருக்கு ஆறுதல் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் பயன்படுத்தினால் லேட்டக்ஸ் ஆணுறை கிழியலாம், கவனம்.

மாதவிடாய் நின்றவர்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவால் வரும் வறட்சியே காரணமாக இருக்கலாம். அதற்கான மருந்து வேறு.

லேசர் சிகிச்சைக்குப் பணம் கட்டுமுன் யோசியுங்கள். பெண்ணுறுப்பைப் ‘புதுப்பிக்கும்’ இத்தகைய கருவிகள் தீக்காயம், தழும்பு, நீடித்த வலி உண்டாக்கலாம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-லேயே எச்சரித்தது. அறுவை சிகிச்சை, யோனி வாயிலில் மட்டும் தொட்டால் வலிப்பவர்களுக்கு, மற்ற வழிகளெல்லாம் பலிக்காதபோது உதவக்கூடும். எரிச்சல் பரவலாக இருப்பவர்களுக்கு அது தீர்வல்ல.