நலத்திட்டம் ஏழைகளிடம் போய்ச் சேர்கிறதா? நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி

ஒரு நலத்திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்டு வாங்குவது பயனாளிகள் பட்டியலைத்தான். நீங்கள் தன்னார்வலரோ, மாணவரோ, நன்கொடை கொடுப்பவரோ, யாராக இருந்தாலும் சரி, அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பட்டியலில் இருப்பவர்களிடம் மட்டும் பேசினால் எந்தத் திட்டமும் நன்றாக நடப்பதாகத்தான் தெரியும், ஏனென்றால் விடுபட்டுப்போனவர் ஒருவரைக்கூட நீங்கள் சந்தித்திருக்க மாட்டீர்கள்.

முதலில் ஊருக்குள் போய், இங்கே ரொம்பக் கஷ்டத்தில் இருக்கும் குடும்பங்கள் எவை என்று நாலைந்து பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஆசிரியர், சுகாதாரப் பணியாளர், கூலிவேலைக்குப் போகும் பெண்கள் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்களாக இருந்தால் நல்லது. ஒரே குடும்பத்தை இரண்டு மூன்று பேர் சொன்னால் அந்த வீட்டுக்குப் போங்கள். யாருமே சொல்லாதவர்களையும் தேட வேண்டும், இதுதான் கடினமான வேலை: வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள், சமீபத்தில் கணவரை இழந்தவர், மகன் வீட்டில் ஒதுக்கமாக இருக்கும் வயதானவர், வெளியே வர முடியாத மாற்றுத்திறனாளி. இதெல்லாம் முடிந்த பிறகு பட்டியலை எடுத்து இவர்களில் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஏன் இந்த வரிசை என்றால், திட்டங்களில் இரண்டு விதப் பிழைகள் உண்டு. தகுதியில்லாதவர் உள்ளே வருவது ஒன்று, தகுதியுள்ளவர் வெளியே நிற்பது இன்னொன்று. கோர்னியா, ஸ்டூவர்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1993-ல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டி, அரசுகள் முதல் பிழையைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டு இரண்டாவதைக் கண்டுகொள்வதில்லை என்று எழுதினார்கள். இன்றும் வசதியானவர் ஒருவர் உதவித்தொகை வாங்கினால் அது செய்தியாகிறது, வாங்க வேண்டியவர் வாங்காமல் போனால் யாருக்கும் தெரிவதில்லை. அந்த வசதியானவரைத் தடுக்க விதிகளை இறுக்கும்போது கூடவே எத்தனை ஏழைகள் கழிந்துபோகிறார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டில் மோசமானது தகுதியுள்ளவர் வெளியே நிற்பதுதான்.

அடுத்து, ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பாருங்கள். பல நாடுகளில் வீட்டின் கூரை, தரை, குடும்பத்தில் எத்தனை பேர், என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்று கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். வருமானத்தை நேரடியாக அளக்க முடியாத இடத்தில் இது ஒரு குத்துமதிப்பு, அவ்வளவுதான். இப்படி ஒரு பட்டியல் இருந்தால் நீங்கள் கேட்க வேண்டியது, கணக்கெடுப்பு எந்த வருடம் நடந்தது, அதற்குப் பிறகு புதிதாகச் சேர வழி இருக்கிறதா என்பதுதான். வறுமை ஒரே வீட்டில் நிலையாக உட்கார்ந்திருப்பதில்லை. ஓரளவு நன்றாக இருந்த குடும்பம் ஒரு பெரிய நோய், ஒரு சாவு, அதற்கு வாங்கிய கடன் என்று ஒரே வருடத்தில் விழுந்துவிடுகிறது, ஆனால் பழைய பட்டியலில் அது இன்னும் வசதியான வீடுதான்.

ஊர் மக்களே கூடிப் பேசித் தேர்ந்தெடுக்கும் முறையும் உண்டு. இந்தோனேசியாவில் 640 ஊர்களில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குடும்பங்கள் செய்யும் செலவை வைத்து வறுமையை அளந்தால் மதிப்பெண் முறை கொஞ்சம் துல்லியமாக இருந்தது, ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த ஊர்களில் திருப்தி அதிகம், பெரிய இடத்துக்காரர்கள் தங்கள் ஆட்களை நுழைத்ததாகவும் தெரியவில்லை. எல்லா ஊரிலும் இப்படியே நடக்கும் என்று சொல்ல வரவில்லை. கூட்டம் எந்த நேரத்தில் நடந்தது, பெண்கள் வந்தார்களா, வந்தவர்கள் வாயைத் திறந்தார்களா என்று விசாரியுங்கள். சில நாடுகள் வருமானத்தைப் பார்ப்பதே இல்லை, லெசோத்தோவில் 2004-ல் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம் 70 வயதானவர்களுக்கு என்று வந்தது. அங்கே சோதிக்க வேண்டியது வயதுச் சான்று இல்லாத முதியவர் என்ன செய்கிறார் என்பது.

சரி, பணத்துக்கு வருவோம். மேலே எவ்வளவு ஒதுக்கினார்கள், கீழே எவ்வளவு வந்தது, இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை பள்ளிகளுக்கு மத்திய அரசு அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஓர் ஆய்வு கண்டுபிடித்தது. அதன் பிறகு மாவட்டங்களுக்கு அனுப்பிய தொகையைப் பத்திரிகைகளில் வெளியிடத் தொடங்கினார்கள், 2001 வாக்கில் 80 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. பத்திரிகை விளம்பரம் ஒன்றால் மட்டும் இது நடந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் தனக்கு எவ்வளவு வர வேண்டும் என்று தெரியாதவரால் குறைந்துபோனதைக் கேட்கவே முடியாது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் உங்களுக்கு எவ்வளவு வர வேண்டும் என்பதையும் கையில் எவ்வளவு வந்தது என்பதையும் தனித்தனிக் கேள்விகளாகக் கேளுங்கள்.

கேள்வி கேட்கும் விதம் மிக முக்கியம். "உதவி கிடைக்கிறதா?" என்று கேட்டால் பயத்திலோ மரியாதையிலோ ஆமாம் என்றுதான் சொல்வார்கள். கடைசியாக எந்த மாதம் வந்தது, வாங்க எத்தனை தடவை போனீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள், போக வர என்ன செலவானது, எத்தனை நாள் கூலி போயிற்று, நடுவில் யாருக்காவது ஏதாவது கொடுத்தீர்களா என்று கேளுங்கள். அதிகாரியையோ உள்ளூர்ப் பிரமுகரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். ஒரே வீட்டுக்குள்ளும் பணம் யார் கைக்குப் போகிறது என்பது பெரிய விஷயம்: தென்னாப்பிரிக்காவில் முதியோர் ஓய்வூதியம் பாட்டி கைக்கு வந்த வீடுகளில் பேத்திகளின் உடல் எடையும் வளர்ச்சியும் மேம்பட்டன, தாத்தா கைக்கு வந்த வீடுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை.

கைரேகை வைத்துப் பொருள் கொடுக்கும் இடங்களில், ரேகை பதியாதவருக்கு மாற்று வழி என்ன என்று கண்டிப்பாகக் கேளுங்கள். உழைத்துத் தேய்ந்த விரல்களும் வயதானவர்களின் விரல்களும் இயந்திரத்தில் அடிக்கடி பதிவதில்லை. திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கணக்கு எங்கேயும் எழுதப்படுவதில்லை என்றால், மோசடி குறைந்ததாகக் காட்டப்படும் சேமிப்பில் அவர்களுடைய பங்கும் சேர்ந்திருக்கலாம்.

தொகையின் மதிப்பையும் பாருங்கள். இந்தியாவில் ஏழை முதியோருக்கான ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 2006-ல் மாதம் 200 ரூபாய் ஆனது, 79 வயது வரையுள்ளவர்களுக்குப் பல ஆண்டுகள் கடந்தும் அதே 200 ரூபாயாகவே நின்றது. மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன என்றாலும், விலைவாசியோடு தொகை ஏறுகிறதா என்பதை எந்தத் திட்டத்திலும் பார்க்க வேண்டும்.

பணமாகக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். உலக வங்கியைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், பண உதவியால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. இதை மட்டும் சொல்லிவிட்டு உங்கள் வேலையைத் தொடருங்கள்.

எல்லாம் சேகரித்த பிறகு அறிக்கை எழுத உட்காருவதற்கு முன், கண்டதை அந்த மக்களிடமே திரும்பச் சொல்லித் தவறு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பெயர்களை வெளியிடாதீர்கள், புகார் சொன்னவருக்கு அடுத்த மாதம் உதவி நின்றுபோகலாம். விடுபட்ட ஒவ்வொருவருக்கும் அவர்கள் சம்மதத்தோடு தனித்தனியாக மனு எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி அவர்கள் கையிலேயே கொடுங்கள், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். சில மாதங்கள் கழித்துத் திரும்பப் போய் அந்த மனுக்களில் எத்தனைக்குப் பதில் வந்தது என்று எண்ணிப் பாருங்கள், அந்த எண்ணிக்கையையும் அறிக்கையில் சேர்த்துவிடுங்கள்.