பிறந்தநாள் கேக்கும் உணவுக் கட்டுப்பாடும்

உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர் பிறந்தநாள் கேக்கை வீட்டிலேயே செய்துகொண்டால், சர்க்கரையின் அளவு அவர் கையில் இருக்கும். செய்முறையில் 200 கிராம் என்றிருந்தால் 150 கிராம் போதும். அதற்கும் கீழே போனால், ஈரப்பதத்தைக் காப்பதிலும் மேற்புறத்தைப் பொன்னிறமாக்குவதிலும் சர்க்கரைக்குப் பங்கு உண்டு என்பதால், கேக் வறண்டு வெளிறிப்போகும். நாட்டுச் சர்க்கரைக்கு மாறுவதால் மணம் கூடுமே தவிர, கலோரி பெரிதாகக் குறைவதில்லை.

உண்மையில் கணக்கை ஏற்றுவது மேற்பூச்சுதான். ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரியும் கொழுப்பில் 9 கலோரியும் இருக்க, இரண்டும் குழைந்த பட்டர் கிரீமை விட்டுவிட்டு, மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த கெட்டித் தயிரில் சிறிது வெனிலா எசன்ஸ் கலந்து, நன்கு ஆறிய கேக்கின்மேல் பூசலாம். மாதுளை முத்துகளைப் பரிமாறும்போது மட்டும் தூவுங்கள். முன்பே தூவினால் சாறு இறங்கிப் பூச்சு சிவந்துவிடும். வீட்டில் நால்வர்தான் என்றால், சிறிய அச்சில் பாதி மாவுக்கு மட்டும் செய்யுங்கள்.