சாவியைக் கல்லாவில் வைக்காதீர்கள்: மாதவிடாய் நாட்களும் பொது இடங்களில் நாம் செய்யும் தவறுகளும்

மதுரையில் விளக்குத்தூண், கீழவாசல், மாசி வீதிகள் என்று எந்தப் பக்கம் போனாலும் ஜவுளிக்கடைகளில் காலையிலிருந்து இரவு வரை கால்கடுக்க நிற்கிற பெண்களைப் பார்க்கலாம். அவர்களுக்கு ஏதாவது வசதி செய்துகொடுக்க வேண்டும் என்று நினைக்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள். நினைத்ததும் செய்கிற முதல் காரியம், சுவரில் நாப்கின் மெஷின் மாட்டுவது.

மெஷினைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் நாணயம் போட வேண்டும். கைப்பையை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று சொல்லும் கடையில் நாணயத்துக்கு எங்கே போவார்கள்? தீர்ந்தால் நிரப்புவது யார் பொறுப்பு என்றும் யாருக்கும் சொல்லியிருக்காது. சில மாதம் கழித்துப் பார்த்தால் அதன்மேல் யாரோ துண்டு காயப்போட்டிருப்பார்கள். கழிப்பறைக்குள்ளேயே ஒரு டப்பாவில் இரண்டு அளவு நாப்கின்களைத் திறந்து வைப்பது இதைவிட எவ்வளவோ மேல். “அள்ளிட்டுப் போயிருவாங்க” என்று பயப்படுகிறார்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் போகலாம். போனால் போகட்டும். வேண்டியபோது இருக்கும் என்று தெரிந்துவிட்டால் யாரும் பதுக்கப் போவதில்லை.

மெஷினைவிடப் பெரிய சிக்கல் சாவி. மாசி வீதிகளின் பழைய கட்டடங்களில் இடம் குறுகல். கழிப்பறை மொட்டைமாடியிலோ குடோனுக்குப் பின்னாலோ இருக்கும். அதையும் பூட்டிச் சாவியைக் கல்லாவில் வைத்திருப்பார்கள். வாடிக்கையாளர்கள் நிற்கும்போது அங்கே போய் “அண்ணே, சாவி” என்று கேட்க வேண்டும். ஒரு தடவை கேட்டுவிடலாம். ரத்தப்போக்கு அதிகமாக இருக்கிற நாளில் மூன்றாவது தடவை கேட்க வாய் வராது. “இப்பத்தானம்மா போயிட்டு வந்தே?” என்று அவர் சாதாரணமாகக் கேட்டாலே போதும், சாயங்காலம் வரை அந்தப் பெண் மாடி ஏற மாட்டாள். நாப்கினை நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது, போக்கு அதிகமென்றால் அதற்கும் முன்பே. ஈரத்தோடு நாள் முழுக்க நின்றால் தொடை உரசிப் புண்ணாகும், அரிப்பு வரும். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு. சித்திரை வெயிலில் அது நீர்க்கடுப்பில் கொண்டுபோய் விடும். இடைவேளைக்குப் பதிவேடு வைத்துக் கையெழுத்து வாங்குவதும் சாவியின் இன்னொரு வடிவம்தான்.

உட்காரும் விஷயத்திலும் இதே கதை. வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இலேயே திருத்தம் வந்துவிட்டது. ஸ்டூலை வாங்கிப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார் என்ற நிலைமையை மட்டும் மாற்றாமல் விட்டால், சட்டத்துக்குக் கணக்குக் காட்டலாம், இடுப்புவலி குறையாது. சீருடை எடுக்கும்போது வெளிர் நிறத்தைத் தவிருங்கள். கறை பட்டால் மாற்றிக்கொள்ள ஒன்றிரண்டு உடுப்புகளும் இருக்கட்டும்.

அடுத்தது குப்பைத்தொட்டி. ‘நாப்கினை உள்ளே போடாதீர்கள்’ என்று போர்டு தொங்கும். எங்கே போடுவது என்று அதில் இருக்காது. தொட்டி வெளியே, எல்லோரும் கைகழுவும் இடத்தில் இருக்கும். அப்புறம் குழாய் அடைத்துக்கொண்டது என்று பெண்களைத் திட்டுவார்கள். நாப்கினுக்குள் இருக்கும் ஜெல் தண்ணீரை உறிஞ்சி ஊதும், குழாயில் போனால் அடைக்காமல் என்ன செய்யும்? ஒவ்வொரு கழிப்பறைக்குள்ளும், காலால் மிதித்தால் திறக்கிற மூடியுள்ள தொட்டி வேண்டும். பக்கத்திலேயே கிழித்து வைத்த பழைய பேப்பர். நன்றாகச் சுற்றித்தான் போட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியாயிற்று. அதைத் தினமும் எடுப்பவருக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள். பல இடங்களில் அவரும் ஒரு பெண்தான், அந்த டப்பா நாப்கின் அவருக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லிவிடுங்கள். எரிக்கும் மெஷினை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நாப்கினில் நிறைய பிளாஸ்டிக் சமாச்சாரம் இருக்கிறது. போதிய சூடு இல்லாமல் எரிந்தால் நச்சுப்புகைதான் மிச்சம்.

தாழ்ப்பாள், விளக்கு, பை மாட்ட ஒரு கொக்கி, உள்ளேயே ஒரு குழாய். இவற்றை விளக்கவே தேவையில்லை. மாதவிடாய்க் கப் பயன்படுத்துகிறவர்களுக்கு, அதைக் கழுவ, அந்தக் குழாய் மிக முக்கியம்.

ஆண்கள் கழிப்பறையிலும் ஒரு மூடித் தொட்டி வையுங்கள். அங்கே எதற்கு என்று கேட்பார்கள். பெண்ணாகப் பிறந்ததாகக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்கிற திருநம்பிகளில் மாதவிடாய் வருகிறவர்கள் உண்டு. அவர்கள் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியேற வேண்டியிருக்கிறது. டயபர் கட்டும் பெரியவர்களுக்கும் அதே தொட்டி உதவும்.

இனி வாய். மதுரை மாவட்டத்தில் கூவலாபுரம் போன்ற சில ஊர்களில், அந்த நாட்களில் பெண்கள் ஒதுங்கித் தங்க ‘முட்டுத்துறை’ என்று தனிக் கட்டடம் இருப்பதைச் செய்தியில் பார்த்து நகரத்தில் உச்சுக்கொட்டுகிறோம். அதே நகரத்துக் கல்யாண மண்டபத்தில், பந்தி பரிமாற வந்த பெண்ணை “நீ தூரமில்லையே?” என்று நாலு பேர் காதுபடக் கேட்கிற அத்தைகள் இருக்கிறார்கள். அவரவர் வீட்டுக்குள் எதைக் கடைப்பிடிப்பது என்பது அவரவர் பாடு, அதில் எனக்குக் கருத்து உண்டு என்றாலும் இங்கே வேண்டாம். மண்டபத்திலும் ஹாஸ்டலிலும் கடையிலும் அடுத்தவளின் நாள்கணக்கைக் கேட்கக் கூடாது. பரிவாகக் கேட்டாலும் கூடாது. “இன்னைக்கு உனக்கு முடியாதுல்ல, போய் உட்காரு” என்று எல்லோர் முன்னாலும் சொல்கிற மேனேஜர் நல்லவராகவே இருக்கலாம். அவள் காதில் அது ஒலிபெருக்கிதான். “உடம்பு சரியில்லை” என்று விடுப்பு கேட்டால் அந்தக் காரணத்தோடு விட்டுவிடுங்கள்.

நாப்கின் டப்பாவை நிரப்பும் வேலையை அக்கறையுள்ள ஏதோ ஒரு பெண்ணின் தலையில் கட்டாதீர்கள், அவர் வேலையை விட்டுப் போனால் டப்பாவும் காலியாகிவிடும். பினாயில், துடைப்பம், டீத்தூள் எழுதுகிற மாதச் சீட்டிலேயே நாப்கினையும் எழுதி, வாங்குகிறவரிடமே விட்டுவிடுங்கள். அவர் ஆணாக இருந்தாலும் சரிதான்.