பெட்டரி லைட் எரிந்தால் உடனே புது பெட்டரி வாங்காதீர்கள்

நுவரெலியா போகும் வழியில் இறம்பொடை ஏற்றத்தில் ஒரு மாலை, நல்ல மூடுபனி. ஹெட்லைட், வைப்பர், புளோவர் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, டேஷ்போர்டில் பெட்டரிப் படம் போட்ட சிவப்பு லைட் மங்கலாக எரிந்தது. மறுநாள் காலை கார் ஸ்டார்ட் ஆகவில்லை. யாரையும் கேட்காமல் புது பெட்டரி வாங்கிப் போட்டேன். நாலாம் நாள் அதே ஏற்றத்தில் அதே லைட். பெட்டரிக் காசு போனதுதான் மிச்சம்.

அந்த லைட் பெட்டரியைப் பற்றியதே அல்ல. பெட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்றுதான் சொல்கிறது. சார்ஜ் பண்ணுவது ஓல்டர்நேட்டர். அதைச் சுற்றுவது ஃபேன் பெல்ட்.

ஓடும்போது லைட் எரிந்தால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள். பல கார்களில் தண்ணீர்ப் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. முள்ளும் மேலே போனால் பெல்ட் அறுந்திருக்கலாம், அங்கேயே ஓரங்கட்டுங்கள். முள் ஏறாவிட்டால் புளோவர், ரேடியோவை நிறுத்திவிட்டு அடுத்த டவுனுக்கு ஓட்டலாம். இறக்கத்தில் மட்டும் இன்ஜினை அணைத்துவிடாதீர்கள், பிரேக் கல்லாகிவிடும்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். டெஸ்ட் லாம்ப் போதும் என்பார்கள், எனக்கு உடன்பாடில்லை. 12 வோல்ட்டிலும் அது எரியும், 14 வோல்ட்டிலும் எரியும்.

முதலில் பெல்ட். இன்ஜினை அணைத்து, இரண்டு கப்பிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். சாதாரணப் பெல்ட் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உள்ளே போகலாம். அதற்கு மேல் தொங்கினால், வெடித்திருந்தால், மழையில் கீச்சிட்டால் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

அடுத்து பெட்டரியின் டேர்மினல், அதாவது வயர் மாட்டும் முனைகள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவி, சேண்ட் பேப்பர் போட்டுத் தேயுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

பிறகு மீட்டர். சில மணி நேரம் நிறுத்திவைத்த காரில் 12.6 வோல்ட் என்றால் பெட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். நுவரெலியாக் குளிரில் அந்தப் பாதி பெட்டரி காலையில் முனகும். ஸ்டார்ட் பண்ணிய பின் பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும்.

நான் ஏமாந்தது இங்கேதான். பகலில், எதையும் போடாமல் அளந்தேன். 13.9. சரி, சார்ஜ் ஏறுகிறது என்று மூடிவிட்டேன். லைட் எரிவதோ மாலையில், எல்லாம் ஓடும்போது. அதே நிலைமையில் அளந்தால்தானே தெரியும்? ஹெட்லைட், புளோவர், வைப்பர் மூன்றையும் போட்டு அளந்தேன். பெட்டரியில் 12.1.

அப்படியென்றால் ஓல்டர்நேட்டர் செத்துவிட்டதா? அவசரப்படாதீர்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் சிவப்புக் கம்பியை ஓல்டர்நேட்டரின் பின்னால் தடித்த வயர் ஏறும் போல்ட்டிலும், கறுப்பை பெட்டரியின் பொசிட்டிவ் முனையிலும் வையுங்கள். சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள், பெல்ட் பக்கம் போக வேண்டாம். கறுப்பைக் கிளாம்பில் வைக்காமல் ஈய முனையிலேயே வையுங்கள். 0.3க்கு மேல் காட்டக் கூடாது. எனக்கு 2.1. ஓல்டர்நேட்டர் 14.2 கொடுத்துக்கொண்டுதான் இருந்தது, வழியில் எங்கோ இரண்டு வோல்ட் தொலைந்தது. கரண்ட் குறைவாக ஓடும்போது அந்த இழப்பும் குறைவு, அதனால்தான் பகலில் பிடிபடவில்லை.

இன்ஜினை அணைத்து, பெட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு அந்த போல்ட்டின் நட்டை அவிழ்த்தேன். கழற்றாமல் தொடாதீர்கள், அந்த போல்ட்டில் எப்போதும் பெட்டரி கரண்ட் இருக்கும், ஸ்பேனர் காரின் இரும்பு உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும். நட்டுக்கு அடியில் வயரின் வளையம் கறுத்துப் பச்சை பிடித்திருந்தது. வெளியே பளபளவென்று இருந்தது, அதுதான் கோபம். தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் பூசினேன். மறுபடி அளந்தால் 0.1. இழப்பு இல்லாமலேயே ஓல்டர்நேட்டர் 13க்குக் கீழே கொடுத்தால்தான் அதன் உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் என்று மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோங்கள்.

இன்ஜின் ஓடும்போது பெட்டரி வயரைக் கழற்றி ஓல்டர்நேட்டரைச் சோதிக்கும் பழைய வித்தையை யாராவது செய்ய வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். வோல்ட் திடீரென எகிறி கம்ப்யூட்டர் பெட்டியையே எரித்துவிடும்.

பின்சேர்க்கை: ஹட்டனிலிருந்து ஒரு தம்பி, சாவி போட்டாலும் லைட்டே வரவில்லை, அப்படியென்றால் நல்லதுதானே என்று கேட்டிருந்தார். இல்லை தம்பி. ஸ்டார்ட் பண்ணுமுன் அது எரியத்தான் வேண்டும். பழைய கார்களில் ஓல்டர்நேட்டர் விழித்துக்கொள்வதே அந்த பல்ப் வழியாக வரும் சிறு கரண்டால்தான். பல்ப் போயிருந்தால் சார்ஜும் ஏறாமல் போகலாம்.

இன்னொன்று: அக்வா, பிரியஸ் என்ற ஹைபிரிட் கார்களை வைத்திருப்பவர்கள் ஓல்டர்நேட்டரைத் தேட வேண்டாம், அது அங்கே இல்லை. பெரிய பெட்டரியிலிருந்து ஒரு கன்வேர்ட்டர்தான் சின்ன பெட்டரியைச் சார்ஜ் பண்ணுகிறது. ஆரஞ்சு நிற வயரில் கை வைக்காதீர்கள், நேரே ஹைபிரிட் தெரிந்த கராஜுக்குப் போங்கள்.