பெலும் குகைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சமையல் மேடைக் கடப்பாக்கல்லில் எலுமிச்சைச் சாறு சொட்டித் துடைக்காமல் விட்டால், அந்த இடம் பளபளப்புப் போய் வெளுத்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அது கறையல்ல, கல்லே அரிக்கப்பட்ட தடம். கடப்பாக்கல் ஒரு கறுப்புச் சுண்ணாம்புப்பாறை, அமிலம் பட்டால் கரையும். அந்தக் கல்லுக்குப் பேர்போன ஆந்திராவின் தாடிபத்ரியிலிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில், அதே போன்ற பாறைக்குள்தான் பெலும் குகை ஓடுகிறது. அளந்த நீளம் 3,229 மீட்டர். 2002-இல் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள்; நடந்து பார்க்கக்கூடியது ஏறக்குறைய 1.5 கி.மீ.

குகை என்றதும் மாமல்லபுரமும் சித்தன்னவாசலும் நினைவுக்கு வருவதால், இதையும் யாரோ குடைந்தது என்று நம்புகிறவர்கள் உண்டு. ஆறு முட்டி மோதிப் பாறையை உடைத்தது என்பது இன்னொரு நம்பிக்கை. உளியும் இல்லை, மோதலும் இல்லை; பெரும்பகுதி வேலையைச் செய்தது கரைப்பு. பாறையைக் கரைக்கும் அமிலமும் வானத்திலிருந்து அப்படியே வருவதில்லை. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம்தான். வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடும் மண்ணுக்குள் அது 1 சதவீதத்தையும் தாண்டும். மழைநீர் அந்த மண்ணில் ஊறி இறங்கும்போதுதான் உருப்படியான கார்பானிக் அமிலமாகிறது. பிறகு பாறையின் வெடிப்புகளில் புகுந்து, அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து அகலமாக்குகிறது. பெலுமில் நடைபாதைகள் நேராகப் போய்ச் சட்டென்று திரும்புவதைக் கவனியுங்கள். பழைய வெடிப்புகளின் வரைபடத்துக்குள்தான் நடந்துகொண்டிருக்கிறீர்கள்.

இங்கே வருகிறவர்களின் பெரிய ஏமாற்றம், ‘தொங்குகிற கல் அதிகம் இல்லையே’ என்பது. அதுதான் வேண்டுமென்றால் அரக்குப் பள்ளத்தாக்குப் பக்கம் உள்ள பொர்ரா குகைக்குப் போகலாம். பெலுமில் பார்க்க வேண்டியது சுவரை. நீர் முழுக்க நிரம்பி ஓடிய காலத்தில் கரைந்த பாதை வட்டமாகவோ நீள்வட்டமாகவோ, கூரையும் வழவழப்பாக இருக்கும். நீர்மட்டம் இறங்கிய பிறகு ஓடை அடியை மட்டும் அறுத்தால், கீழே ஒரு பள்ளம் விழும். சுண்ணாம்புக் குகைச் சுவர்களில் சிப்பி போன்ற குழிகள் தென்பட்டால், அவை அந்தக் காலத்து நீரோட்டத்தின் பதிவு. குழி சிறிதானால் ஓட்டம் வேகம், பெரிதானால் மந்தம். குழியின் செங்குத்தான பக்கம் நீர் வந்த திசையில் இருக்கும்.

குகையை வெட்டியதும், அதைத் தொங்கும் கற்களால் அலங்கரித்ததும் ஒரே வேலை என்று எண்ணுவதும் தவறு. முதலில் கரைப்பு, குகை வடிந்து காற்று புகுந்த பிறகே படிவு. இந்தப் படிவு நீர் ஆவியாவதால் உண்டாகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். ஆழமான குகைக்குள் காற்றில் ஈரம் தளும்பி நிற்கிறது. அங்கே ஆவியாதல் மிகக் குறைவு. நடப்பது வேறு: கூரையில் தொங்கும் சொட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு குகைக் காற்றுக்குள் தப்பிவிடுகிறது. அது போனதும் கரைந்திருந்த சுண்ணாம்பை நீரால் பிடித்துவைக்க முடிவதில்லை. சுண்ணாம்பு கலந்த கடினநீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். வீட்டில் சூடு செய்வதைக் குகையில் காலம் செய்கிறது.

ஒவ்வொரு சொட்டும் விழுமுன் மெல்லிய வளையம் ஒன்றை விட்டுப்போகிறது. வளையத்தின்மேல் வளையமாகச் சேர்ந்து, சுமார் 5 மி.மீ. அகலத்தில் உள்ளே துளையுள்ள குழல் இறங்குகிறது. துளை அடைத்துக்கொண்டால் நீர் வெளிப்புறமாக வழியும். குழல் முள்ளங்கி போலப் பருக்கும். அது கல்விழுது. தரையில் விழுந்து தெறித்த சொட்டிலிருந்து எழுவது கல்முளை. அதற்கு நடுத்துளை கிடையாது. இரண்டும் மாறிப்போகிறது என்று குழம்பத் தேவையில்லை: விழுது இறங்கும், முளை ஏறும்.

‘ஆயிரம் வருஷத்துக்கு ஓர் அங்குலம்’ என்று கணக்குச் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். ஆண்டுக்கு 0.1 மி.மீ. என்பது தோராயமான அளவுதான். மழை, மண், வெப்பம், சொட்டும் வேகம் பொறுத்து அது பல மடங்கு மாறும். யுரேனியம்–தோரியம் போன்ற, கதிரியக்கத் தனிமங்களை வைத்துக் கணக்கிடும் முறைகளில் அளந்தால்தான் வயது தெரியும். பாறையின் வயது, குகையின் வயது, விழுதின் வயது மூன்றும் வேறு வேறு.

தொட்டுப் பார்ப்பதால் என்ன ஆகிவிடும்? விரலின் எண்ணெய்ப்பசை படிந்த இடத்தில் நீர் ஒட்டாமல் விலகும், படிவு தடைப்படும், அழுக்கு ஏறிக் கறுக்கும். பெலுமுக்குள் உள்ள சப்தஸ்வர குகையில் விழுதுகளைத் தட்டினால் உலோக ஓசை வரும் என்பது உண்மைதான். ஆளுக்கு ஒரு தட்டு என்று ஆரம்பித்தால் விழுது மிஞ்சாது. கற்பூரமும் மெழுகுவர்த்தியும் விடும் புகைக்கரி எங்கேயும் போகாது. அதன்மேலேயே அடுத்த சுண்ணாம்புப் படலம் மூடிவிடும்.

குகைக்குள் ஏசி போலக் குளிரும் என்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருகிறார்கள். சுண்ணாம்புக் குகையின் வெப்பம் ஏறக்குறைய அந்த ஊரின் ஆண்டுச் சராசரிதான். ராயலசீமையில் அது குறைவே இல்லை. ஈரக் காற்றில் வியர்வையும் காயாது. மெல்லிய பருத்தி உடை, வழுக்காத அடிப்பகுதியுள்ள ஷூ, ஆளுக்கு 1 லிட்டர் தண்ணீர், ஒரு டார்ச். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவைத் திறந்தால் லென்ஸில் ஆவி படியும். 15 நிமிடம் பையிலேயே இருக்கட்டும்.

மூச்சு வேகமாகி, தலைவலி தொடங்கினால் உட்கார்ந்து ஓய்வெடுக்காமல் வெளியே நடங்கள். தீக்குச்சி எரிகிறதே, காற்று நன்றாகத்தான் இருக்கிறது என்பது ஆபத்தான சோதனை. ஆக்சிஜன் 16 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை சுடர் எரியும். அதற்குள் கார்பன் டை ஆக்சைடு உங்களைப் படுத்திவிடலாம்.

பெலுமில் 46 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பாதாளகங்கை என்ற ஓடையின் நீரைக் குடிக்காதீர்கள். மணல் வடிகட்டும், வெடிப்பு வடிகட்டாது. மேலே மாடு நின்ற இடத்து அழுக்கு அப்படியே இறங்கும்.

அதே வெடிப்புகள் வழியாகத்தான் மழையும் இறங்குகிறது. மேகாலயாவிலோ வேறெங்கோ காட்டுக் குகைக்குள் போகிறவர்கள், வாசலில் வெயில் அடிக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. மலையின் மறுபக்கத்தில் பெய்ததும் குகைக்குள்தான் வரும். 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங்கில் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் நுழைந்த பிறகு நீர் ஏறி வழியை அடைத்தது. கடைசி ஆள் வெளியே வந்தது ஜூலை 10. அதுவும் சுண்ணாம்புக் குகைதான்.