போர் மோட்டார்ல தண்ணி கம்மியா வருதா? மோட்டாரைத் தூக்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

எங்க கொழிஞ்சாம்பாறை பக்கம் மாசி, பங்குனி வந்துட்டா ஊரெல்லாம் ஒரே பேச்சுதாங்க, தண்ணி பாதியாயிருச்சுன்னு. பாலக்காடு ஜில்லாவுல கிழக்கோரம் நாங்க, மேக்கால கொட்டுற மழை இங்க வந்து சேர்றதில்ல. 2017 கணக்கெடுப்புல கேரளாவுலயே நிலத்தடி தண்ணிய அளவுக்கு மீறி உறிஞ்சுன பிளாக்குன்னு எங்க சித்தூர் பிளாக்கைத்தான் சொன்னாங்க. தண்ணி கொறஞ்ச உடனே எல்லாரும் மோட்டார் போச்சு, தூக்கிரலாம்னு கிளம்பிடுறாங்க. அவசரப்படாதீங்க, பாதி கோளாறு மேலயே இருக்கும்.

ரெண்டு வருசம் முன்னாடி எங்க தோப்புல அப்படித்தான் ஆச்சு. 380 அடியில மோட்டார், 20 அடி பைப்பு 19, ஆளுங்க காலைல ஆரம்பிச்சு இருட்டுற வரைக்கும் தூக்குனாங்க, பார்த்தா பம்புல ஒரு குறையும் இல்ல. திருப்பி எறக்குனப்புறமும் அதே சொட்டுத் தண்ணி. வயசான எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தர் வந்து ஸ்டார்ட்டர்ல ரெண்டு ஒயரை மாத்திப் போட்டாரு, தண்ணி பழையபடி அடிச்சுது. முந்தின வாரம் லைன்ல வேலை நடந்து மூணு பேஸ் ஒயரோட வரிசை மாறி வந்திருக்கு, மோட்டார் அத்தனை நாளும் தலைகீழா சுத்திட்டு இருந்திருக்கு. அந்தக் கூலிக்காசு இன்னும் உறுத்துதுங்க, அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல் வேலை, அளந்து பாருங்க. 200 லிட்டர் டிரம்மை வெச்சு எத்தனை நிமிசத்துல ரொம்புதுன்னு போன்ல நேரம் வெச்சுப் பாருங்க. 2 நிமிசம்னா நிமிசத்துக்கு 100 லிட்டர், 4 நிமிசம்னா 50. தண்ணி நல்லா வர்ற காலத்துலயும் ஒருக்கா அளந்து ஸ்டார்ட்டர் பெட்டி மூடிக்குள்ள எழுதி வெச்சீங்கன்னா இப்ப ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதே டிரம்மை போர் வாய்கிட்ட கொண்டு போங்க. மோட்டாரை நிறுத்திட்டு, டெலிவரி பைப்பைக் கழட்டி நேரா டிரம்முக்குள்ள விட்டு ஓட்டிப் பாருங்க. அங்க நல்லா வந்து தொட்டியில கம்மின்னா கோளாறு நடுவுலதான், மண்ணுக்குள்ள பைப்பு விரிசல் விட்டிருக்கும், கேட் வால்வு பாதி மூடி இருக்கும், சொட்டு நீர் போட்டவங்களுக்கு பில்டர் அடைச்சிருக்கும். எங்க தண்ணியில உப்பு அதிகம், பில்டர் சல்லடையில வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி கட்டி நிக்கும்.

போர் வாயிலயே கம்மின்னா பேனல் போர்டுக்கு வாங்க. ஓடும்போது வோல்ட், ஆம்ப் ரெண்டையும் குறிச்சுக்குங்க. திரீ பேஸ்னா 415 வோல்ட் பக்கம் இருக்கணும், சிங்கிள் பேஸ்னா 230. வோல்டேஜ் நல்லா எறங்கி இருந்தா மோட்டார் தெணறும், ஆம்ப் ஏறும், அப்ப ஓட்டாதீங்க, காயில் கருகிரும். சிங்கிள் பேஸ்ல கெப்பாசிட்டர் வீக்கானாலும் ஆம்ப் ஏறும், ஆனா அதை நீங்க தொடாதீங்க, மெயினை ஆப் பண்ணாலும் அதுக்குள்ள கரண்ட் நிக்கும். வோல்டேஜ் சரியா இருந்தும் ஆம்ப் ஏறுனா மண்ணு சிக்கிருக்கலாம், பேரிங் தேஞ்சிருக்கலாம். ஆம்ப் வழக்கத்தை விட எறங்கி தண்ணியும் கொறைஞ்சா, ஒண்ணு போர்ல தண்ணி இல்ல, இல்லேன்னா பம்போட சல்லடை அடைச்சிருக்கு, இம்பெல்லர் (பம்புக்குள்ள சுத்தி தண்ணியத் தள்ளுற சக்கரம்) தேஞ்சிருக்கு.

திரீ பேஸ்காரங்க, லைன் வேலை, மீட்டர் வேலை, கேபிள் மாத்துன வேலை ஏதாவது நடந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க. ஆமான்னா எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினை ஆப் பண்ணி, மூணுல ஏதாவது ரெண்டு ஒயரை மட்டும் மாத்திப் போடச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் தண்ணி அளந்து, எதுல அதிகமோ அதுதான் சரியான சுத்து.

இப்ப போர்ல தண்ணி இருக்கான்னு பார்க்கணும். ராத்திரி பூரா மோட்டாருக்கு ரெஸ்ட் விட்டு காலைல போடுங்க. அரைமணி நேரம் நல்லா வந்து அப்புறம் காத்தும் தண்ணியுமா துப்புச்சுன்னா ஊத்து கம்மி, மோட்டார் மேல தப்பில்ல. புது மோட்டார் மாட்டுனாலும் ஊத்து அதிகமாகாது, பெரிய எச்பி போட்டா இன்னும் சீக்கிரம் வத்திரும். கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமா மூடி காத்து நிக்கிற எடத்துல வெச்சு ஓட்டுங்க, தண்ணியில்லாம ஓடுனா தானா கட் ஆகுற (டிரை ரன்) பேனலும் போட்டுருங்க. மோட்டாரைக் குளிர வைக்கிறதே அந்தத் தண்ணிதானுங்க.

போட்ட உடனே இருந்தே கம்மின்னா பைப்புல ஓட்டை இருக்கலாம். மோட்டார் ஓடும்போது கேசிங் பைப்புல (போர் வாயில நிக்கிற பெரிய வெளிப் பைப்பு) காதை வெச்சுக் கேளுங்க, ஓட்டை இருந்தா உள்ள மழை பெய்யுற மாதிரி சலசலன்னு சத்தம் வரும். முன்னெல்லாம் சுவிட்ச் போட்ட கொஞ்ச நேரத்துல வந்த தண்ணி இப்ப காத்தைத் தள்ளிட்டு ரொம்ப நேரம் கழிச்சு வந்தாலும் அதேதான், பைப்புல நிக்க வேண்டிய தண்ணி கீழ எறங்கிருது, ஓட்டையா இருக்கும், இல்ல தண்ணிய கீழ திரும்ப விடாம நிறுத்துற நான் ரிட்டன் வால்வு பிடிக்கலைன்னு அர்த்தம்.

இத்தனையும் பார்த்தப்புறம் தான் தூக்கணும். மெயின்ல பீசைப் புடுங்கி கையில வெச்சுக்குங்க, கேபிளைப் புடிச்சு இழுக்க விடாதீங்க. தூக்குறப்ப ஒவ்வொரு பைப்பையும் தொடைச்சு மரை கிட்ட பாருங்க, துரு அரிச்சு ஊசி ஓட்டை அங்கதான் விழும். பம்பு மேல வந்ததும் சல்லடை, வால்வு, இம்பெல்லர் மூணையும் பிரிச்சு உங்க கண் முன்னாடி காட்டச் சொல்லுங்க. எறக்கி முடிச்ச கையோட எத்தனை பைப்பு, எந்தத் தேதின்னு கேசிங் மூடியில பெயிண்ட்ல எழுதிருங்க.