ஏற்றத்தைக் கணக்கிட்டு வீடு தேடுங்கள்: மலையக நகரங்களில் குடியேறுவோருக்கான செய்முறை

கண்டியில் எனக்கு வேலை கிடைத்து குடும்பத்தோடு வந்த ஆண்டு, நாங்கள் முதலில் எடுத்த வாடகை வீட்டின் விளம்பரத்தில் "பிரதான வீதியிலிருந்து 150 மீற்றர்" என்றிருந்தது. அது பொய்யில்லை. ஆனால் அந்த 150 மீற்றருக்குள் 112 படிகள் இருந்தன. "இறங்கினா ரோட்டு தானே மகள்" என்றார் வீட்டுக்கார அம்மா. இறங்குவதில் எங்களுக்கும் சிரமம் இருக்கவில்லை. மாலையில் ஒரு கையில் மரக்கறிப் பையும் மறு கையில் தூங்கி விழும் பிள்ளையுமாக ஏறியபோதுதான் அந்த வாக்கியத்தில் எது விடுபட்டிருந்தது என்பது புரிந்தது. முழு எரிவாயு சிலிண்டரை அந்தப் படிகளில் தூக்கி வர யாரும் முன்வராததால், ஒவ்வொரு முறையும் அதற்கென்று தனிக்கூலி கொடுத்தோம்.

சொந்த வாகனம் இல்லாத, பாடசாலைக்குச் செல்லும் அல்லது செல்லப்போகும் பிள்ளை உள்ள, முதன்முறையாக நகரத்தில் வீடு தேடும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கண்டியைச் சார்ந்தவை. முறை ஹட்டனுக்கும் பதுளைக்கும் பொருந்தும்.

படி 1: வேலைத்தளத்திலிருந்து வெளியே வரையுங்கள்

வீட்டைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகும் வழியைத் தேடாமல், வேலைத்தளத்தில் தொடங்கி அங்கு வந்து சேரும் பஸ் பாதைகளையும் ரயில் பாதையையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். கண்டி நகரம் மலைகளுக்கு நடுவே கிண்ணம் போல அமைந்திருப்பதால் பெரிய நுழைவழிகள் சிலவே: தென்மேற்கே பேராதனை, வடக்கே கட்டுகஸ்தோட்டை, கிழக்கே தென்னக்கும்புர. காலையில் பெரும்பாலான வாகனங்கள் இவற்றின் வழியாகவே உள்ளே நெருங்குகின்றன. ஆகவே உங்கள் வேலைத்தளம் பேராதனைப் பக்கம் இருந்தால் கட்டுகஸ்தோட்டையில் எவ்வளவு மலிவாக வீடு கிடைத்தாலும் வேண்டாம் என்பேன். தினமும் இரண்டு தடவை நகரத்தைக் கடப்பது, வாடகையில் மிச்சம் பிடித்ததை நேரமாகத் திருப்பிக் கொடுப்பதாகும். கணவனும் மனைவியும் வேறு வேறு இடங்களில் வேலை செய்பவர்களாயின், பிள்ளையை ஏற்றி இறக்குபவரின் வழிக்கே முன்னுரிமை கொடுங்கள்.

ரயிலையும் மறக்க வேண்டாம். கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பாதையில் மஹய்யாவ, கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, உக்குவளை ஆகிய இடங்களிலும், பேராதனைப் பக்கத்தில் பல்கலைக்கழகத்துக்கு அருகே சரசவி உயனவிலும் ரயில் நிற்கிறது. சேவைகள் குறைவு என்பதால் உங்கள் வேலை நேரத்துக்கு ஒத்துவருகிறதா என்பதை முதலில் பாருங்கள். ஒத்துவந்தால் மாதாந்தப் பருவச் சீட்டு பஸ்ஸைவிட மலிவு. ஹட்டனில் நிலையம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. நுவரெலியாவுக்கு ரயில் நிலையமே இல்லை; ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தள்ளி நானுஓயாவில் இறங்கி மீண்டும் பஸ் ஏற வேண்டும்.

பயண நேரத்தை வீட்டுக் கதவிலிருந்து வேலைத்தளக் கதவு வரை அளவிடுங்கள். பாடசாலை விடுமுறைக் காலத்தில் அளந்தால் ஏமாந்து போவீர்கள். காலை ஏழரைக்குப் பாடசாலை தொடங்குவதற்கு முந்தைய முக்கால் மணி நேர நெரிசல் விடுமுறையில் காணாமல் போய்விடும்.

படி 2: உயரத்தை நிமிடமாக மாற்றுங்கள்

மலையேறுவோர் பயன்படுத்தும் பழைய கணக்கு ஒன்று உண்டு. நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1892இல் சொன்னது: சமதரையில் மணிக்கு 5 கிலோமீற்றர் வீதம் நடக்கும் நேரத்தோடு, ஏறும் ஒவ்வொரு 10 மீற்றர் உயரத்துக்கும் ஒரு நிமிடத்தைக் கூட்ட வேண்டும். வரைபடத்தில் 600 மீற்றர் தொலைவில் உள்ள ஒரு வீடு பஸ் தரிப்பிடத்தைவிட 60 மீற்றர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் இறங்க ஏழு நிமிடம். மாலையில் ஏற, ஏழும் ஆறுமாகப் பதின்மூன்று நிமிடம். இது பையும் பிள்ளையும் இல்லாத, தேக ஆரோக்கியமுள்ள ஒருவரின் கணக்கு. ஐந்து வயதுப் பிள்ளையோடு ஏறினால் நான் அதை இரட்டிப்பாக்கியே வைப்பேன். 60 மீற்றர் என்பது ஏறத்தாழ இருபது மாடிக் கட்டடத்தின் உயரம் என்று நினைத்துப் பாருங்கள்.

உயரத்தை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. கைத்தொலைபேசியில் உயரம் காட்டும் செயலி ஒன்று போதும். அதுவும் இல்லாவிட்டால் படிகளை எண்ணி, ஒரு படிக்கு 16 சென்றிமீற்றர் வீதம் பெருக்கிக்கொள்ளலாம். எங்கள் 112 படிகள் அப்படிப் பார்த்தால் 18 மீற்றர், அதாவது ஆறு மாடி. ஒவ்வொரு நாளும், மின்தூக்கி இல்லாமல். எங்களுக்கு நானே வகுத்துக்கொண்ட எல்லை, பஸ் தரிப்பிடத்திலிருந்து 25 மீற்றர் உயரமும் திரும்பி வரும்போது பத்து நிமிட நடையும். முதியவர்கள் உடன் இருந்தால் அதையும் குறைக்க வேண்டும்.

படி 3: மூன்று தடவை நடந்து பாருங்கள்

தரகரோடு முச்சக்கரவண்டியில் போய் வீட்டைப் பார்ப்பது ஒரு பார்வையே அல்ல. காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, இருட்டிய பின் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை என நீங்களே நடக்க வேண்டும். காலையில் வளைவுகளைக் கவனியுங்கள். மலைப்பாதையின் உள்வளைவில் ஒரு பக்கம் மண் மதிலும் மறு பக்கம் வடிகாலுமாக இருக்கும்போது, எதிரே பஸ் வந்தால் பிள்ளையை எந்தப் பக்கம் ஒதுக்குவீர்கள்? அதற்குப் பதில் இல்லாத ஒரு வளைவு வழியில் இருந்தாலே அந்தப் பாதையை நான் விட்டுவிடுவேன். இருட்டில் தெருவிளக்குகளையும் நாய்களையும் பாருங்கள். மழையில், மூடியில்லாத வடிகால் நிரம்பி வீதியோடு ஒன்றாகும் இடம் எது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கால் தவறுவது அங்கேதான்.

மழைக்காலம் ஊருக்கு ஊர் மாறும். தென்மேற்குப் பருவக்காற்று நனைக்கும் நாவலப்பிட்டி, ஹட்டன் பக்கத்து வீடுகளை ஜூன், ஜூலையில் பார்ப்பது நல்லது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தை நவம்பர், டிசம்பரில் பார்க்கலாம்.

நடக்கும் வழியிலேயே அன்றாடத் தேவைகளையும் எண்ணிவிடுங்கள்: பால்மாவும் பாணும் வாங்கும் கடை, மருந்தகம், முன்பள்ளி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் தாய் சேய் கிளினிக். இவற்றுள் குறைந்தது மூன்று, வீட்டுக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் இடையில் அமைந்தால், வேறு நடை தனியாக நடக்கத் தேவையில்லை.

படி 4: சரிவைப் படியுங்கள்

இந்தப் படியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தாண்டாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்சரிவில் புதைந்ததை மலையகத்தில் மறந்தவர் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலையக மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வலய வரைபடங்களைத் தயாரித்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் வீடு எந்த வலயத்தில் இருக்கிறது என்பதை அந்த நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்திலோ பிரதேச செயலகத்திலோ கேளுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் பேசினால், முன்னர் எந்தெந்த வீடுகளிலிருந்து ஆட்களை வெளியேற்றினார்கள் என்பதும் தெரியவரும். நிறுவனத்தின் எச்சரிக்கை மூன்று மட்டங்களில் வரும்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்து மேலும் தொடர்ந்தால் விழிப்புடன் இருக்க வேண்டும், 100 மில்லிமீற்றரானால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 மில்லிமீற்றரானால் வெளியேற வேண்டும்.

கண்ணாலும் பார்க்கலாம். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள், சாய்ந்து நிற்கும் மரங்களும் மின்கம்பங்களும், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, தெளிவாக வந்த ஊற்றுநீர் திடீரெனச் சேறாவது, காரணமின்றி இறுகிப்போன கதவு யன்னல்கள் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். வீட்டின் பின்னால் தாங்கு சுவர் இருந்தால், அதில் நீர் வெளியேறும் துளைகள் உள்ளனவா, அவை அடைபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். புதிதாக நிறம் பூசிய பின்சுவரைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் சந்தேகமே முதலில் வருகிறது.

படி 5: பாடசாலையும் வாக்காளர் இடாப்பும்

அரச பாடசாலைகளில் முதலாம் தர இடங்களின் பெரும்பங்கு, பாடசாலைக்கு அண்மையில் வசிப்பவர்களுக்கே ஒதுக்கப்படுகிறது. வசிப்பிடத்தை நிரூபிக்க ஆவணங்கள் வேண்டும். கடந்த ஆண்டுகளின் வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் அந்த முகவரியில் இருக்கிறதா என்பதற்குப் புள்ளி உண்டு. பிள்ளைக்கு நான்கு வயதான பின் வீடு மாறுபவர் அந்தப் புள்ளிகளில் பெரும்பகுதியை இழக்கிறார். ஆகவே தமிழ்மொழி மூலப் பாடசாலை எங்கே என்பதை முதலில் தீர்மானித்து, பிள்ளை தவழும் வயதிலேயே அதன் அருகில் குடியேறுவது நல்லது. கல்வி அமைச்சு வெளியிடும் சுற்றறிக்கையை அந்தந்த ஆண்டுக்கு வாசித்துக்கொள்ளுங்கள். வாடகை உடன்படிக்கையைப் பதிவு செய்துகொள்வதில் வீட்டுக்காரர் தயங்கினால், காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முற்பணம் கொடுங்கள்.

படி 6: தண்ணீர்

மேட்டு வீடுகளுக்கு அழுத்தம் போதாமல் குழாய்நீர் நேரம் பார்த்தே வரும் இடங்கள் உண்டு. தாங்கியின் கொள்ளளவை வீட்டுக்காரரிடம் கேளுங்கள். தண்ணீர் வரும் நேரத்தைப் பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள்.

படி 7: பிள்ளையோடு கடைசி நடை

கையெழுத்திடுவதற்கு முன், மாலை ஐந்தரைக்குப் பிள்ளையின் புத்தகப்பையும் ஐந்து கிலோ அரிசியுமாகப் பஸ் தரிப்பிடத்திலிருந்து ஒரு தடவை ஏறிப் பாருங்கள். எங்கள் இரண்டாவது வீட்டை முடிவுசெய்த அன்று மகள் இரண்டே இடங்களில் நின்றாள். ஒன்று மூச்சு வாங்க. மற்றது கடை வாசலில் படுத்திருந்த பூனையைப் பார்க்க. அன்றிரவே முற்பணத்தைக் கொடுத்தோம்.